ஷட்டர் இறக்காத கடை

ஓசூர் சிப்காட் பக்கம் எங்கள் மளிகைக் கடை இருக்கும் தெருவில் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் ஜீப் நுழைந்தால், வரிசையாக ஷட்டர்கள் இறங்கிவிடும். அன்று நான் இறக்கவில்லை.

"மூடிருங்கக்கா. நீங்க மட்டும் திறந்து வெச்சா, மத்தவங்க ஏன் மூடினாங்கன்னு கேட்டு நாங்கெல்லாம் மாட்டிக்குவோம்," என்றார் பக்கத்துக் கடைக்காரர், தன் ஷட்டரை இழுத்தபடியே.

"பில் இல்லாத சரக்க நான் வாங்கறதே இல்ல. நான் எதுக்கு ஒளியணும்?" என்றேன்.

பில் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்று வந்த மிளகாய்த்தூள் ஏஜெண்டைப் போன மாதம்தான் விரட்டியிருந்தேன். அதே தூளை மூட்டையாக இறக்கிக்கொண்டவர் இவர்.

அதிகாரி சட்டப்படி சோதனைக்கு என் கடை மிளகாய்த்தூளில் நான்கு பாக்கெட் எடுத்துத் தனித்தனியாக சீல் வைத்தார். மில் கொடுத்த பில்லை நீட்டினேன். "நாலாவது பாக்கெட்ட வேற லேபுக்கு அனுப்புங்க சார், அது என் உரிமை," என்று சொல்லி, எழுதியும் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். சட்டம் எனக்குக் கடமையை மட்டுமா வைத்திருக்கிறது?

ஜீப் போனதும் ஷட்டர்கள் ஏறின. பக்கத்துக் கடைக்காரர் நேராக என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன்.

"வீட்டுக்கு ஒரு பாக்கெட் மிளகாத்தூள் குடுங்கக்கா," என்றார்.

பில் போட்டுத்தான் கொடுத்தேன்.