மெஷின் அக்காவின் மதிய வார்டு

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஆற்றைப் பார்த்த மூலை அறையில் மூன்று கட்டில்கள், மூன்று டயாலிசிஸ் மெஷின்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஓடவிட்டால் நாலு மணிவரை அந்த அறைக்குள் ஒரே ரீங்காரம். ஆற்றில் பட்டுத் திரும்பும் வெயில் மேல்கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் கைவிட்ட மூன்று பேர் இடது கையை நீட்டிப் போட்டு அரைத் தூக்கத்தில் கிடப்பார்கள். அவர்கள் ரத்தம் குழாய் வழியே வெளியே போய், சுத்தமாகி, மறுபடி உள்ளே வரும். அதைப் பார்த்துக்கொண்டு ரப்பர் செருப்போடு சத்தமில்லாமல் நடப்பவளைத்தான் எங்கள் ஊரில் மெஷின் அக்கா என்போம்.

அங்கே வருகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது. அதனாலோ என்னவோ, அந்த அறையில் கண்ணயர்கிற எல்லோருக்கும் தண்ணீர்தான் கனவில் வரும். ஓரக் கட்டில் தையல்காரர் ஒரு கிணற்றை அப்படியே தூக்கிக் குடித்ததாகச் சொல்வார். ஜன்னலோரக் கட்டிலில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் வாத்தியார். அவர் கனவில் ஆறு மெதுவாக ஏறி சர்ச்சுக்குள் வரும். பெஞ்சுகள் மிதக்கும். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். கட்டைகளை அமுக்கும்போதெல்லாம் குமிழிகள் கிளம்பும்.

"மீன் ஏதும் வந்துச்சா வாத்தியாரே?" என்பார் தையல்காரர்.

"வந்துச்சு. அதுங்களாவது தாளம் தப்பாம கேட்டுச்சு."

அக்கா சிரித்துக்கொண்டே ரத்த அழுத்தம் பார்ப்பாள்.

அறைக்கு வெளியே ஊர் இப்படிச் சிரித்துக்கொண்டு இல்லை. வெள்ளையடித்த ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுத ஊர்தான். தொழுகை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இறைவனிடம் கையேந்தி துஆ கேட்கலாமா கூடாதா என்று ஒரு பேச்சு எழுந்து, அது வாக்குவாதமாகி, கைகலப்பாகி, பச்சைச் சுவர் வைத்து இன்னொரு பள்ளி கட்டுவதில் முடிந்தது. அண்ணன் வெள்ளைப் பள்ளி, தம்பி பச்சைப் பள்ளி என்று வீடுகள் பிளந்தன. ஸலாம் சொன்னால் பதில் வராது. இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம், ஆற்றோரத்தில் இருந்த நாற்பது கிறிஸ்தவக் குடும்பங்களைச் சந்தேகமாகப் பார்ப்பது.

அக்காவின் கணவர் வேன் டிரைவர். பாங்கு கேட்கும்போது வேன் எந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அங்கே தொழுதுவிட்டு வருவார். "அல்லாஹ்வுக்கு ரெண்டு அட்ரஸா இருக்கு?" என்று கேட்பார். முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்து அவர் இறந்துபோனபோது அதுவே வினையாயிற்று. அவர் உங்கள் ஆள் என்றது வெள்ளைப் பள்ளி. எங்கள் ஆள் இல்லை என்றார் பச்சைப் பள்ளியில் தொழவைக்கும் ஹஸ்ரத். காலையில் இறந்தவர் ஆஸ்பத்திரியிலேயே வெள்ளைத் துணிக்குள் காத்துக் கிடந்தார். கடைசியில் மாலை அஸர் நேரத்தில், ஆஸ்பத்திரியின் லிஃப்ட் ஓட்டுபவர் முன்னால் நின்று தொழவைக்க, பதினோரு பேர் வண்டி நிறுத்துகிற இடத்தில் அவருக்கான ஜனாஸா தொழுகையை முடித்தார்கள். தூணோரமாக நின்று அந்தப் பதினோரு முதுகுகளையும் எண்ணிய அக்கா, அன்று ஒரு முடிவு எடுத்தாள். தன்னால் முடிந்தவரை, தன் கண் முன்னால் ஒரு மனிதர் 'நீ யார் ஆள்' என்ற கேள்விக்காகக் காத்துக் கிடக்கக் கூடாது.

அப்போது அவள் வார்டு உதவியாளர். அதன் பிறகுதான் டயாலிசிஸ் வேலை படித்தாள்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை, நடுக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கால் வீங்கி, முகம் சாம்பல் பூத்து, பச்சைப் பள்ளி ஹஸ்ரத். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. எடுத்த ஊசியை வைத்துவிட்டு, சாமான் அறைக்குள் போய் சலைன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து ஊசியை மறுபடி எடுத்தாள்.

"பிஸ்மில்லாஹ் சொல்லுங்க ஹஸ்ரத், குத்தப் போறேன்."

ஊசி இறங்கியதும் அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் வெள்ளைப் பள்ளி தையல்காரர். மறுபக்கம் கழுத்தில் சிலுவையோடு வாத்தியார்.

"ரெண்டு பக்கமும் திரை போடும்மா."

"திரை போட்டா உங்க முகம் எனக்குத் தெரியாது. முகம் வெளுத்தா நான் ஓடி வரணும். வெளிய இருக்கிற சண்டையை இங்க சொருக பிளக் பாயின்ட் இல்ல ஹஸ்ரத்."

தையல்காரர் போர்வைக்குள் சிரித்தார். ஹஸ்ரத் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று மாதம், வாரத்துக்கு மூன்று நாள், கண்ணை மூடியேதான் கிடந்தார். தூக்கத்தில் அவர் உதடு மட்டும் எதையோ உறிஞ்சும். என்ன கனவு என்று யாரும் கேட்கவில்லை. அக்கா பஞ்சை நனைத்து அந்த உதட்டைத் துடைத்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பிரசங்கத்தில் ஆற்றோரத்துக்காரர்களைப் பற்றிச் சூடாகப் பேசினார். மறுநாள் சனிக்கிழமை காலையில் சர்ச்சின் பெரிய ஜன்னல் கண்ணாடி கல்லடி பட்டுக் கிடந்தது. பத்து மணிக்கெல்லாம் கடைகள் அடைத்துவிட்டன. நர்ஸ் வரவில்லை. ஜெனரேட்டர் ஆளும் வரவில்லை. அக்கா ஆம்புலன்ஸ் டிரைவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, மூன்று பேரையும் அவரவர் வாசலிலிருந்து ஏற்றி வந்தாள். ஒரு நாள் தள்ளினால் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிடும்.

வாத்தியாரின் சட்டை மடிப்பில் கண்ணாடித் துகள் மின்னியது. காலையெல்லாம் பெருக்கியிருக்கிறார்.

இரண்டு மணிக்குத் தெருமுனையில் டயரைக் கொளுத்தினார்கள். தீ கம்பத்துக்கு ஏறி, மின்சாரம் போனது. பழைய மெஷின்கள். அவற்றின் பேட்டரி இரண்டு நிமிடம் தாங்கி, மூன்று முறை கூவி அடங்கியது. ரீங்காரம் நின்ற அந்த அமைதியில் ஆறு ஓடுவது முதல்முறையாக அறைக்குள் கேட்டது. குழாய்களில் மூன்று பேருடைய ரத்தமும் அசையாமல் நின்றது. சில நிமிடம் அப்படியே நின்றால் உறைந்துவிடும்.

ஒவ்வொரு மெஷினிலும் அவசரத்துக்கு ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுற்றினால் ரத்தம் நகரும். மெஷின் மூன்று, அவள் ஒருத்தி. ஆளாளுக்கு வலது கை சும்மா இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மெஷின் அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது.

"வாத்தியாரே, ஹஸ்ரத்தோட கைப்பிடியச் சுத்துங்க. ஹஸ்ரத், நீங்க தையல்காரரோடத சுத்துங்க. நான் வாத்தியாரோட ரத்தத்தை உடம்புக்குள்ள திருப்பி ஏத்திட்டு ஒவ்வொருத்தரா வரேன்."

வாத்தியார்தான் முதலில் கை நீட்டினார். கண்ணாடி கீறிய விரல்கள் கைப்பிடியைப் பிடித்தன. அதைப் பார்த்தபடியே ஹஸ்ரத்தும் தன் கையை நீட்டினார்.

"அவசரப்படாதீங்க ஹஸ்ரத்," என்றார் வாத்தியார். "வேகமா சுத்தினா அவருக்கு வலிக்கும். என் தாளத்துக்கு வாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒண்ணு, ரெண்டு, மூணு..."

வாத்தியார் எண்ணுவதை விட்டு மெல்ல முனக ஆரம்பித்தார், ஏதோ சர்ச்சுப் பாட்டு. ஹஸ்ரத்தின் உதடு அசைந்தது. சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ் என்று அவர் ஓதியது, அவர் அறியாமலே அந்த முனகலோடு சேர்ந்து சுற்றியது. தையல்காரர் தன் குழாயில் சிவப்பு நகர்வதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அக்கா குழாயில் காற்றுக் குமிழி வருகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்தபடி ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தாள். மேல்கூரையில் வெயில் நெளிந்தது. அந்த இருபத்தைந்து நிமிடம், படகொன்றில் எல்லோருமாகத் துடுப்புப் போட்டுப் போனதுபோல் இருந்தது என்று பின்னால் சொன்னாள். எங்கே போனோம் என்றுதான் தெரியவில்லையாம்.

மூன்று பேரின் ரத்தமும் திரும்பி முடிந்தபோது வாத்தியாரின் கை மரத்துப் போயிருந்தது. அதை அக்கா தேய்த்துவிட்டாள். ஹஸ்ரத் அன்று கண் மூடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பச்சைப் பள்ளியில் அவர் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. "சர்ச்சு ஜன்னல உடைச்சது கல்லு இல்ல, என் வாய். அந்த சர்ச்சுல வாசிக்கிறவரோட கையாலதான் என் ரத்தம் எனக்குத் திரும்பி வந்துச்சு. இதுக்கு மேல உங்களுக்கு எதைச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல." பாதிப் பேர் எழுந்து போனார்கள். அடுத்த மாதமே அவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துத் தனியாகத் தொழ ஆரம்பித்தார்கள்.

"நல்லதைச் சொல்லப் போய் ரெண்டை மூணாக்கிட்டீங்களே ஹஸ்ரத்!" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். அவர் சிரித்து அந்த அறை பார்த்தது அன்றுதான்.

அக்கா யார் மனைவி என்பதை அவரிடம் சொன்னது தையல்காரர். அன்று ஹஸ்ரத் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார், கையை நீட்டவில்லை.

"அந்த வேன் டிரைவர் உங்க வீட்டுக்காரராம்மா?"

"ஆமா."

"அன்னைக்கு நான் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்தேன். நீங்க தூணோரமா நின்னத தூரத்துலேர்ந்து பார்த்தேன். உள்ள வரல. ஜனங்க என்ன சொல்வாங்கன்னு திரும்பிப் போயிட்டேன்." அவள் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தும் எனக்கு இத்தனை மாசமா ஊசி போட்டீங்களே."

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று அக்கா ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். டிரேயிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"கைய நீட்டுங்க ஹஸ்ரத். நேரமாகுது."

அவரை மன்னித்துவிட்டீர்களா என்று நான் ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். "தெரியல. ஊசி மட்டும் ஒழுங்கா இறங்குச்சு" என்றாள்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு காலை வாத்தியார் உறக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு அக்கா போனாள். அவளோடு ஹஸ்ரத்தும் தையல்காரரும் போனார்கள். இருவருக்கும் நடக்கத் தெம்பில்லாததால் ஒரே ஆட்டோ. போகும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் மற்றவர்கள் வழிவிட, உள்ளே போய், பாடல் முடிந்து மண் தள்ளும்வரை மூவரும் நின்றார்கள். தூரத்தில் நின்று பார்த்தவர்கள் பேச வேண்டியதையெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

திரும்பும்போது ஆட்டோ ஏறுமுன் தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டே ஸலாம் சொன்னார். ஹஸ்ரத் முழுதாகப் பதில் சொன்னார். நடுவில் உட்கார்ந்த அவர், ஆற்றங்கரைச் சாலைக்கு வருவதற்குள் களைத்துத் தூங்கிப்போய், தையல்காரர் தோளில் சாய்ந்துவிட்டார். மறு ஓரத்தில் இருந்த அக்கா அவரை நிமிர்த்தப் போனாள்.

"விடும்மா, தூங்கட்டும்," என்ற தையல்காரர், முன்னால் குனிந்து டிரைவரின் முதுகைத் தட்டினார். "தம்பி, பள்ளம் பார்த்து மெதுவா போ."