இருபதாவது குழி

துப்பாக்கி பிடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போகட்டும்.

அழகர்கோவில் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ராணுவக் கிடங்கு. நான் கார்டு கமாண்டர். காவல் நின்றவர்களும் என்னைப்போல் ஓய்வுபெற்று மறுபடி சேர்ந்த சிப்பாய்கள்தான். ஆளுக்கொரு துப்பாக்கி, மேகசினில் இருபது தோட்டா. டூட்டி முடிந்ததும் முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அப்புறம் காக் செய்ய வேண்டும், அதாவது போல்ட்டைப் பின்னால் இழுத்துவிட வேண்டும்; குழாய்க்குள் தோட்டா இருந்தால் வெளியே விழும். கடைசியாக மணல் தொட்டியை நோக்கி ட்ரிகரை அழுத்திக் காட்ட வேண்டும். தப்பித்தவறி உள்ளே ஏதாவது தங்கியிருந்தால் மணலுக்குள் போய்விடும். அதன்பிறகு இருபது குழி போட்ட பலகையில் தோட்டாக்களை நட்டு எண்ணுவேன்.

அந்த வாரம் தொட்டிக்குள் ஒரு பெண்மயில் அடைகாத்தது.

"பாவம்ணே, அது மூஞ்சிக்கு நேரா எப்படி நீட்டுறது?" என்றான் முத்துப்பாண்டி.

"சரி, குஞ்சு பொரிக்கட்டும். அதுவரைக்கும் ட்ரிகர் வேணாம்" என்றேன். பெரிய வள்ளல் என்று எனக்கு நினைப்பு.

மூன்றாம் நாள் மதியம் காற்றே இல்லை. டூட்டி முடித்த முத்துப்பாண்டி மேகசினை என்னிடம் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைத் துடைக்க வாசல்படிக்குப் போனான். பத்தொன்பது நட்டேன். மேகசினுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. இருபதாவது குழி காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மயில் கழுத்தை நிமிர்த்தி, அசையாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, குழாய்க்குள்ள எம்புட்டு தூசின்னு பாக்குறேன், ஒண்ணுமே தெரியல. கும்மிருட்டா இருக்கு."

எட்டிப் பார்த்தேன். துப்பாக்கியின் வாய் அவனுடைய வலது கண்ணில். விரல் ட்ரிகர் பக்கம். கத்தினால் கை துள்ளிவிடும்.

"மாப்ள, விரலை மட்டும் எடு. மெதுவா."

"என்னண்ணே, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பலகையில ஒண்ணு குறையுது."

விரல் விலகியது. துப்பாக்கியை வாங்கி வானத்துக்கு நீட்டி காக் செய்தேன். தோட்டா சிமென்ட் தரையில் விழுந்து அவன் காலடிக்கு உருண்டது. மேகசினைக் கழற்றும் முன்பே காக் செய்திருக்கிறான், அதிலிருந்து ஒரு தோட்டா குழாய்க்குள் ஏறிவிட்டது; பழகிய கைதான், நினைப்பு வேறெங்கோ. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலையே மேற்குப் பக்கம் வேறு மணல் தொட்டி வைத்தேன். முதல் நாளே அதைச் செய்திருக்கலாம். கை தவறும் என்று தெரிந்துதான் அந்தக் கடைசி அழுத்தலை வைத்திருக்கிறார்கள். அதை வேண்டாம் என்றது நான்.

மயில் குஞ்சு பொரித்துக் காட்டுக்குள் போய்விட்டது. முத்துப்பாண்டி இன்றும் என்னிடம் பேசும்போது வலது கண்ணைத் தேய்த்துக்கொள்வான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.