கௌரியின் காரில் முன்சீட்

என் மனைவி கௌரியைப் பற்றி எழுத வெள்ளவத்தையில் எத்தனையோ பேர் முன்வருவார்கள். அவளிடம் பௌதிகம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்கள் தொடர்மாடிச் சங்கம் இருக்கிறது. போதாக்குறைக்கு இப்போது பழைய மொரிஸ் கார் வைத்திருக்கும் ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் தாலி கட்டியவன் நான். ஆகவே நானே எழுதுகிறேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கௌரி பெண்கள் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள். கார் ஓட்டும் லைசன்ஸ் அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. இது எங்கள் வீட்டில் கதைக்கப்படாத விஷயம். அவள் ஓய்வுபெற்றதும் பின்னேரங்களில் இரண்டு பேரும் கடற்கரை வீதியில் நடக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். புதுச் சப்பாத்துக்கூட வாங்கி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் களுபோவிலயில் இருந்த அவளுடைய சித்தப்பா, வீட்டை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போகப் புறப்பட்டார். கொட்டகையில் கிடந்த மொரிஸ் மைனரை என்ன செய்வது என்று கௌரியிடம் கேட்டார்.

"இரும்புக்குப் போடச் சொல்லும்," என்றேன். "முழுக்கக் கறல் பிடிச்ச இரும்பு. கோழிகூட அதுக்குள்ள முட்டை போடாது."

"உங்களை ஆரும் கேட்டவையே?" என்றாள்.

தொடர்மாடியில் கார் திருத்த விடமாட்டார்கள். யாரோ ஒரு பழைய மாணவி மூலம் கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் என்பவரின் வீட்டு முற்றம் கிடைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். அவரிடமும் ஒரு மொரிஸ் மைனர் உண்டு. பேச்சு இனிமையானது, தலைமயிர் நரைக்கவில்லை, கல்யாணமும் கட்டவில்லை. இந்த மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை தவறாமல் கௌரி மட்டக்குளி பஸ்ஸில் ஏறிப் போவாள். கையில் மீன் கட்லட் பெட்டி, உடம்பில் என்னுடைய பழைய ஒபிஸ் சேட்டு. சேட்டு வாராவாரம் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கிறீஸ் பூசிக்கொண்டு வரும். என்னை ஒருநாள்கூட வரச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்பது வேறு கதை. உடைந்த கட்லட்டுகள் எனக்கு வைக்கப்பட்டிருக்கும்.

பிறகு வந்தது வாட்ஸ்அப் குறூப். கொழும்பு முழுக்க உள்ள மொரிஸ் பைத்தியங்கள் எல்லாம் அதற்குள் இருந்தார்கள். கௌரி ஒரு ஆணியைக் கழற்றிப் படம் போட்டாலும் போதும், கைதட்டல் விழும். நுகேகொடையில் இருந்த பல் வைத்தியர் ஒருவர் "நியமாய் டீச்சர்!" என்று எழுதுவார், சிங்களத்தில் பிரமாதம் என்று அர்த்தம். பஞ்சிகாவத்தையில் பழைய கார்ச் சாமான் விற்கும் மாளிகாவத்தை மீரா சாஹிப், "டீச்சர், இந்த லைட் வளையத்த ஒங்களுக்குண்டே எடுத்து வெச்சிருக்கேன்," என்று குரல் அனுப்புவார். அவள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன்.

என்ன நிறம் அடிப்பது என்றும் குறூப்பில்தான் கேட்டாள். நீலமா, பச்சையா? ஆளுக்கு ஆள் வாக்குப் போட்டார்கள். நான் இரண்டு முழத் தூரத்தில், அதே சோபாவில் இருந்தேன். எனக்குப் பச்சை பிடிக்கும். நீலம் வென்றது.

எனக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? பொறாமைதான். அவளிடம் வேலை முடிந்த படங்கள் இருந்தால் போனை என் பக்கம் நீட்டி, "என்ன மாதிரி?" என்பாள். நான் "ம்" என்பேன். முகத்துக்கு நேரே புகழ்வது எங்கள் வீட்டு ஆண்களுக்கு வராது. இத்தனை வருடத்தில் அவளுடைய கறி சரியில்லை என்று நான் ஒருநாளாவது சொன்னதுண்டா? அதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஒருமுறை எஞ்சின் புளொக்கில் வெடிப்பு இருப்பது தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுதாள். எனக்கு உண்மையிலேயே மனம் தாங்கவில்லை. "நான் அப்பவே சொன்னனான், விட்டுத் தள்ளும்," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் இன்னும் கூட அழுதாள். பிறகு கிளறன்ஸ் போன் எடுத்தார். "டீச்சர், என்ட கார் எஞ்சின நான் மூணு வருசம் சாக்குல கட்டி வெச்சிருந்தேன். இப்ப ஓடுதுதானே? வெல்டிங் பண்ண ஆள் இருக்கு. வுடாதீங்க!" போனுக்கு வெளியே கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அழுகை எனக்கு, சிரிப்பு அவருக்கு. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அவள் கவனிக்கவும் இல்லை.

கடைசியில் கார் ஓடத் தயாரானது. முதல் ஓட்டம் பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு, பூசைக்கு. அவளுடைய போன் மேசையில் கிடந்தபோது குறூப்பில் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டேன். முதல் ஓட்டத்தில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில், எஞ்சினை எழுப்பியவர் இருப்பதுதான் அவர்களுடைய வழக்கமாம். 'டீச்சருக்குப் பக்கத்தில் கிளறன்ஸ்' என்று எழுதி, கீழே ஒரு வரிசை கைதட்டல் போட்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவி முதல்முதலாக ஓட்டும் தன் சொந்தக் காரில் அவளுக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனைக்காரனா? வருவது வரட்டும், அந்தச் சீட்டில் நான்தான் இருப்பேன் என்று முடிவுகட்டினேன்.

அந்த நாள் விடியவே குளித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அதற்கு முன்பே கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்த கௌரி காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். நீலம், சொல்லத்தான் வேண்டும், அழகாகத்தான் இருந்தது. ஆனால் முன்சீட்டில் கிளறன்ஸ் மடியில் ஸ்குறூட்றைவரோடு குந்தியிருந்தார்.

"வாங்க ஸ்ரீ அண்ணன், பின்னுக்கு ஏறுங்க," என்றார். "சத்தம் கேட்டுட்டே போகணும், அதான் நான் இங்க."

கௌரி அர்ச்சனைத் தட்டை என் கையில் தந்தாள். தேங்காய், வாழைப்பழம், எலுமிச்சம்பழம், நான். எல்லாரும் பின்சீட்டில் போனோம். எங்களுக்குப் பின்னால் மற்ற மொரிஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

கோயில் வாசலில் ஐயர் காருக்குப் பொட்டு வைத்து, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். கௌரி திறப்பைத் திருப்பினாள். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினாள். இல்லை.

"டைனமோ சார்ஜ் பண்ணுதில்ல, பற்றரி எறங்கிட்டு," என்றார் கிளறன்ஸ். "தள்ளத்தான் வேணும். அண்ணன், நீங்க எறங்க வாணாம், ஒபரேசன் செஞ்ச ஒடம்பு."

எனக்குக் குடலிறக்க ஒபரேசன் செய்த கதையையும் கௌரி அங்கே சொல்லியிருக்கிறாள்! கிளறன்ஸ், மீரா சாஹிப், பல் வைத்தியர், வாசலில் கச்சான் கடலை விற்றவன் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. கௌரி கிளச்சை விட்டாள். கார் ஒரு தும்மல் தும்மி, உறுமி, பாய்ந்தது.

"நிப்பாட்டாதீங்க டீச்சர்!" கிளறன்ஸ் பின்னால் ஓடிவந்து கத்தினார். "நிப்பாட்டினா திரும்பத் தள்ளணும். போங்க, போங்க!"

முன்சீட் வெறுமையாக இருந்தது. தட்டை ஒருபக்கம் வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு சீட்டுக்கும் இடையால் நுழைந்தேன். வெட்டிய இடம் இழுத்தது, முழங்கை கௌரியின் காதில் இடித்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"என்ன விசர் வேலை இது?" என்றாள். கடற்கரை வீதிக்குத் திரும்பியதும் கேட்டாள். "எப்பிடி ஓடுது?"

"பரவாயில்லை."

எங்கள் வீட்டு ஒழுங்கை வந்தது. அவள் திருப்பவில்லை.

"இஞ்சாரும், எங்கட ஒழுங்கை போகுது."

"தெரியும். எப்பிடி ஓடுது எண்டு கேட்டனான்."

"ஏன், உம்மட குறூப்பிட்டக் கேக்கிறதுதானே? அவை கைதட்டுவினம்." நெஞ்சுக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அவையிட்டக் கேட்டாச்சு," என்றாள், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவை நல்ல சனம். நான் ஒரு ஆணி கழட்டினாலும் நல்லதெண்டுதான் சொல்லுவினம். நீங்கள் பொய்க்கும் சொல்லமாட்டியள். அதுதான் ஒவ்வொருக்காலும் உங்களிட்டக் கேக்கிறனான். நீங்கள் 'ம்' எண்டிட்டுப் பேப்பரை எடுப்பியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாரைப் பார்த்து இவ்வளவு நாளும் எரிந்துகொண்டிருந்தேன்? அவர்கள் கொடுத்ததெல்லாம் என்னிடம் அவள் கேட்டு, நான் கொடுக்காமல் வைத்திருந்தது.

"நல்லா ஓடுது, கௌரி," என்றேன். வாய் பழகவில்லை. "வடிவான கார். நீர் வடிவா ஓட்டுறீர். நீலமும் நல்லாத்தான் கிடக்கு."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தெகிவளை வரை ஓட்டினாள். அங்கே காரைத் திருப்பினாள்.

"சரி, கோயிலடிக்குப் போவம். பாவம் கிளறன்ஸ் வெயிலுக்க நிக்கிறார், ஏத்த வேணும்."

"ஏத்தும்," என்றேன். "பின்சீட்டில தேங்காய்க்குப் பக்கத்தில இடம் கிடக்கு."