அத்தானின் கம்பி

யார் குடிக்கிற காப்பி என்றெல்லாம் அத்தான் பார்க்கமாட்டார். சுருட்டிய கம்பியை டம்ளருக்குள் விடுவார். சூடு பட்டதும் அது துள்ளி நேராகும். "பாத்தியா மாப்ள? ஒரு தடவ சொல்லிக் குடுத்தா மறக்கவே மறக்காது. உன்ன மாதிரி இல்ல." அக்காவைக் கட்டிய நாளிலிருந்து இதே காப்பி, இதே வசனம்.

அக்கா அசரமாட்டாள். "கம்பிய எடுங்க மொதல்ல. காப்பி ஆறுது."

அத்தான் உலோகவியல் பேராசிரியர். செம்பும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த, பழைய உருவத்தை மறக்காத இந்தக் கம்பிதான் அவருக்குச் சோறு, பெருமை, பேச்சு எல்லாம். வீட்டுக் காப்பிக்கு ஒரு கம்பி. ஆய்வகத்துக்கு வரும் பெரிய மனிதர்களுக்குக் காட்ட இன்னொன்று. அதைச் சுருட்டி, உலர்த்தும் அடுப்பின் தலையில் தயாராக வைத்திருப்பார். அங்கே எப்போதும் ஒரு கதகதப்பு இருக்கும். அவருடைய சாப்பாட்டு டப்பாவுக்கும் அதுதான் இடம்.

இந்த மகானிடம் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து மாட்டிக்கொண்டாள். வளைத்த கம்பியை இளஞ்சூட்டில் நெடுநாள் போட்டுவைத்தால், உள்ளே அணுக்கள் மெல்ல மெல்ல இடம் மாறி, அந்த நிலைக்கே தோதாக உட்கார்ந்துவிடுகின்றன, பிறகு வெந்நீர் வந்து எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை என்று அவள் கண்டுபிடித்தாள். அத்தான் எழுதிய புத்தகத்திலோ, நல்ல சூடு ஏறாதவரை அணு அசையாது என்று அச்சாகியிருக்கிறது. புத்தகம் தப்பென்றால் மனிதர் தாங்குவாரா?

"அந்தச் சூட்டுல முட்டகூட வேகாதும்மா. அணு எப்படி நகரும்?"

ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால், கஷ்டப்பட்டு அவளுக்குக் கிடைத்திருந்த வேலையும் போச்சு.

ஆய்வகத்துக்கு விருந்தினர் வந்த நாளில் அக்காவோடு நானும் போயிருந்தேன். அத்தனை பேர் முன்னாலும் அந்த மாணவி கேட்டேவிட்டாள். "சார், அடுப்பு மேல இருக்கிற உங்க கம்பியையே போட்டுப் பாக்கலாமே? போன வருஷம் சுருட்டி வெச்சீங்க. அதுக்கப்புறம் யாரும் தொடவே இல்ல."

"தாராளமா! நிமிரலன்னா இங்கயே கையெழுத்து." பேனாவைத் திறந்து மேசையில் வேறு வைத்தார். திமிரைப் பாருங்கள்!

வெந்நீர்க் குவளைக்குள் கம்பி விழுந்தது. சுருண்டது சுருண்டபடியே கிடந்தது. இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார். குவளையை இரண்டு தட்டுத் தட்டினார், தூங்குகிற பிள்ளையை அதட்டுகிற மாதிரி. கம்பி மசியவில்லை. ஆவி ஏறி அவர் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. எனக்கா, உள்ளுக்குள் அப்படியொரு ஆனந்தம். அந்தப் பெண் ஆய்வேட்டைப் பிரித்து, கையெழுத்துப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இது வெளிய எடுத்தாத்தான் முழுசா நிமிரும்," என்றார் அத்தான்.

இடுக்கியால் கம்பியை எடுத்து, ஈரம் துடைக்கிற சாக்கில் விருந்தினருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நாங்கள் பக்கவாட்டில் நின்றோம். கைக்குட்டைக்குள் அவருடைய கட்டைவிரல் கம்பியை அழுத்தி அழுத்தி நீவுவதை நான் பார்த்தேன், அக்கா பார்த்தாள், அந்தப் பெண்ணும் பார்த்தாள். திரும்பியவர் நேரான கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, மற்றக் கையால் பேனாவை எடுத்து, மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.