மாதாவுக்குப் பதினெட்டு அடி

ஆரணியில் எங்கள் பங்குக்கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தேர்த்திருவிழாவில் மாதாவுக்குச் சாத்திய பட்டுத்துணியை அடுத்துக் கல்யாணமாகும் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாதா மூன்றடிதான். ஆகவே அந்தப் பட்டும் துண்டளவுதான். மணப்பெண் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன் நிற்பாள்.

நான் மூன்றாவது படித்த வருஷம், மாதாவுக்குப் பட்டு நெய்யும் முறை அப்பாவுக்கு வந்தது. திருவிழா முடிந்த மறுமாதம் அத்தைக்குக் கல்யாணம். சின்ன வயதிலிருந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிய அத்தையிடம் சொந்தமாக ஒரு பட்டுச்சேலை கிடையாது. கல்யாணத்துக்கும் போளூர் கடையில் வாங்கிய நைலக்ஸ் சேலைதான் என்று முடிவாகியிருந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்து, கணக்கு எல்லாம் என் தலையில்தான் விழும்.

"நீதான்டா படிக்கிறவன். ஜல்தியா போய் மாதாவ அளந்துகினு வா" என்றார் அப்பா.

கிரீடத்திலிருந்து பீடத்தின் அடிவரை அளந்தேன். முன்னால், பின்னால், சுற்றி, எல்லாம் அளந்தேன். மொத்தத்தையும் கூட்டினேன். பதினெட்டு அடி வந்தது; சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாலேயே கஜம் சொல்கிற அப்பா, சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நூல் கொடுக்கும் முதலாளி, சனிக்கிழமைதோறும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற முருக பக்தர். சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"மாதா இந்த வருஷம் வளந்துட்டாங்களாடா?" என்று கூடப் போயிருந்த என்னைக் கேட்டார்.

"கிரீடத்தோட சேத்துங்க" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பட்டும் ஜரிகையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

தேரன்று பெண்கள் சேலையைச் சாத்தினார்கள். கொசுவினார்கள், மறுபடியும் கொசுவினார்கள்; சேலை தீரவில்லை. மிச்சம் மாதாவின் காலடியிலிருந்து தேர்ச்சக்கரம் வரை நீலமாய் வழிந்தது. நான் பேண்டுக்காரரின் பெரிய டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"யாருப்பா அளந்தது?" என்றார் பங்குச்சாமியார்.

"நம்ம பையந்தான் சாமி. மூணாவது படிக்கிறான்" என்றார் அப்பா, பெருமையாக.

தெருவே சிரித்தது. சாமியாரும்தான்.

மறுமாதம் அந்த நீலப்பட்டை முழுசாகக் கட்டிக்கொண்டு அத்தை பீடத்துக்கு முன் நின்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். பந்தியில் எனக்கு மட்டும் மூன்று லட்டு வைத்தாள்.

ஆனாலும் கணக்கு எங்கே தப்பியது என்ற பயம் போகவில்லை. மறுநாளே டேப்போடு போய் மாதாவைத் தலையிலிருந்து காலுக்கு நேராக அளந்தேன். ஓடிவந்து அப்பாவின் காதில் சொன்னேன்:

"அப்பா, மாதா மறுபடி சின்னதாயிட்டாங்க. மூணடிதான் இருக்காங்க. யாருக்கும் சொல்லாத."

அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார். அவருக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது என்று எனக்குப் புரியவில்லை.