ஒரே டிக்கியில் மூன்று ஆம்ப்

கார் ஆடியோ தொழிலில் ஒரு வாடிக்கையாளர் அடிக்கடி கடைப் பக்கம் வந்தால் அது நம் மேல் உள்ள பாசத்தால் அல்ல, போட்ட ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், திரும்பவும் போய்விட்டது என்று அர்த்தம். டிவியோ, ஏசியோ, மிக்ஸியோ, எதைப் பழுது பார்ப்பவராக இருந்தாலும் சரி, ஓகே சொல்லி அனுப்பிய சாமான் மறுபடி வாசலில் வந்து நிற்பதைப் பார்த்த அன்பர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

நான் சென்னை பேட்டர்ஸ் ரோட்டில் தொழில் கற்றவன். ஆறு வருடமாக வியட்நாமில், சைகோனில் ஒரு கடையில் கார்களுக்கு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மாட்டுகிறேன். கடை முதலாளி ஹான் அக்கா. இந்த ஊரிலும் நம்மைப் போல அக்கா, அண்ணன், தம்பி என்று முறை வைத்துத்தான் பேச்சு. அக்கா கையெழுத்துப் போட்டால்தான் என் வேலை அனுமதி புதுப்பிக்கப்படும். இல்லாவிட்டால் நானும் மனைவியும், இங்கே பள்ளிக்கூடம் போகிற மகளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்தக் கையெழுத்து ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு காரின் டிக்கியில் மாட்டிக்கொண்டு என்னைப் படுத்தியது.

முழுசாகத் திருகியவர்

முதலில் ஒரு சுலபமான பழுது. பக்கத்து ஊரான பின் யுவோங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், இரண்டே மாதத்தில் இரண்டு வூஃபரைக் கருக்கிக் கொண்டுவந்தார். ஆம்பில் கெயின் என்று சின்னத் திருகு ஒன்று உண்டு. பார்க்கத்தான் அது சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் மாதிரி இருக்கும். அதை அளவுக்கு மேல் திருகினால் பாட்டு கரகரத்து, வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் வெந்துபோகும். நான் பாதியில் வைத்து அனுப்புவேன், அவர் வீட்டுக்குப் போய்க் கடைசிவரை திருகிவிடுவார். மேலே டேப் ஒட்டி அனுப்பினேன். டேப்பைக் கிழித்துவிட்டுத் திருகினார்.

இந்த மாதிரிப் பழுது எனக்குப் பிடிக்கும். காரணம் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும், தேட வேண்டாம். ஏன் சார் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, பாதியில நிறுத்தறதுக்கா அத்தன நம்பர் போட்டு வெச்சிருக்கான்?"

பாவ் அண்ணனின் அழுகைப் பாட்டு

பாவ் அண்ணன் சைகோனுக்கு வெளியே கூச்சி என்ற பகுதியில் மாடு வளர்ப்பவர். ஆள் பரம சாது. காரில் போட்டுக் கேட்பதெல்லாம் காதலி விட்டுப்போன சோகப் பாட்டுகள். நான் மாட்டிக் கொடுத்த ஆம்ப் மழை தொடங்கிய முதல் மாதத்தில் செத்துப்போக, அவர் வண்டியோடு வந்து நின்றார். டிக்கி விரிப்பைத் தூக்கினேன். ஆம்பின் எர்த் ஒயரைக் கார் பாடியோடு இறுக்கும் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. கரண்டு திரும்பிப் போகிற வழி அதுதான். அது அடைபட்டால் ஆம்ப் திணறித் திணறிச் சாகும். மழை வந்தால் சைகோனில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், எங்காவது நீர் ஏறியிருக்கும் என்று முடிவு கட்டினேன்.

போல்ட்டுக்கு மேலே, டிக்கியின் மூலையில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு இருந்தது. உள்ளே கல்லுப்பு. வருஷப் பிறப்புக்கு உப்பு வாங்கி வண்டியில் வைத்தால் கேடு அண்டாது என்பது இங்கே வழக்கம். அண்ணன் மனைவி லான் அண்ணி வைத்தது. புது வீட்டுக்குள் முதலில் உப்பை எடுத்துப்போகிற ஊர்க்காரன் நான், எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? முடிச்சை வலது கையால் எடுத்து, நாற்காலியில் பேப்பர் விரித்து வைத்தேன். புது போல்ட், புது ஆம்ப் எல்லாம் மாட்டி முடித்ததும் எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டேன். சோதனைக்கு அவர் பாட்டையே போட்டதில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. அழுகைப் பாட்டுக்கு எதற்கு அண்ணே இவ்வளவு பேஸ் என்றேன். அவர் சொன்னார்: "அழற பாட்டுன்னா நெஞ்சுல இடிக்க வேணாமா தம்பி?"

இரண்டாவது ஆம்ப்

ஆறு வாரம் கழித்து அதே அண்ணன், அதே வண்டி. ஆம்பில் பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது, வூஃபரின் காயிலும் கருகியிருந்தது. அதே போல்ட், முன்பைவிட மோசமான துரு. டிக்கிக் கதவின் ரப்பர் வழியாகத்தான் மழை இறங்குகிறது என்று அடித்துச் சொன்னேன். ரப்பரைச் சுற்றிலும் மாற்றினேன். கியாரண்டியில் கடை இன்னொரு ஆம்ப் கொடுத்தது. எப்போதும் எனக்குச் சேர்த்து வாங்கும் காபியை ஹான் அக்கா அன்றைக்குத் தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

மூலையில் இப்போது மூன்று முடிச்சுகள். ஆம்ப் போனதும் அண்ணி பயந்துபோய் இரண்டைக் கூட்டியிருக்கிறார். மூன்றையும் மரியாதையாக எடுத்து, மரியாதையாகத் திரும்ப வைத்தேன். நான் கவலையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு பாவ் அண்ணன்தான் என் தோளில் தட்டினார்: "விடு தம்பி, அண்ணி இன்னும் ரெண்டு வச்சுட்டாளே, இனிமே ஒன்னும் ஆகாது."

மூன்றாவதும் போனது

ஆனது. சரியாக ஐந்து வாரத்தில் ஆனது. முடிச்சுகள் ஆறாகியிருந்தன. எல்லாவற்றையும் எடுத்து நாற்காலியில் அடுக்கிவிட்டு, டிக்கி முழுக்க மகளின் முகப் பவுடரைத் தூவி, வெளியிலிருந்து அரை மணி நேரம் ஹோஸால் தண்ணீர் அடித்தேன். எங்கே ஒழுகினாலும் பவுடரில் தடம் விழும். திறந்து பார்த்தால் ஒரு சொட்டுத் தடம் இல்லை. மழை இறங்கவே இல்லை, ஆனால் போல்ட் மட்டும் மழையில் கிடந்தது போல அரித்திருந்தது.

தொழில் கற்ற இருபது வருடத்தில் முதல் முறையாக, எனக்கு வேலை தெரியாதோ என்று பயம் வந்தது. அடுத்த மாதம் அனுமதி முடிகிறது. ஹான் அக்கா கோபப்படவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "இந்த வண்டி நாலாவது தடவை வந்தா, உன் பேப்பர்ல நான் கையெழுத்துப் போடறது கஷ்டம் தம்பி, மனசுல வச்சுக்கோ."

த்ருவோங் டின் தெருவில்

வண்டியைக் கடையிலேயே நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அந்தத் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். மீட்டர் கைவிட்டால் மெக்கானிக் வேறு எங்கே போவான்? வாசலில் பூவும் ஊதுபத்தியும் உப்புப் பொட்டலமும் அரிசிப் பொட்டலமும் விற்கும் வியட்நாம் அம்மா ஒருவர், தன் இரும்பு ஸ்டாண்டுக்குக் கீழே செங்கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு கால்களில் மூன்று நன்றாக இருந்தன. உப்புப் பொட்டலங்கள் அடுக்கியிருந்த மூலையின் கால் மட்டும் அடியோடு அரித்து, தொட்டால் உதிர்ந்தது. பொட்டலங்களுக்கு அடியில் ஈரம். மழை நாளில் வீட்டு உப்பு ஜாடி நீர் விட்டுக்கொள்ளுமே, அதே ஈரம்.

அர்ச்சனைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆறு முடிச்சும், அதற்கு நேர் கீழே என் போல்ட்டும் கண் முன்னால் வந்தன. முடிச்சுகளை எடுத்து வைத்துவிட்டு டிக்கியைச் சோதித்தால் ஈரம் எங்கிருந்து தெரியும்? ஆம்பைக் கொன்றதை இரண்டு தடவையும் நானே என் கையால் திரும்ப வைத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடப் பத்து மடங்கு நிம்மதியாக இருந்தது. நடுத்தெருவில் சிரித்தேன். ஸ்டாண்டுக்காரம்மா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துச் சொன்னார்: "உப்பு வச்சா இரும்பு நிக்குமா தம்பி? நான் வருஷத்துக்கு ஒரு ஸ்டாண்டு மாத்தறேன்."

லான் அண்ணியிடம் சொன்னது

எர்த் போல்ட்டைப் பின் சீட்டுக்கு அடியில் புது இடத்துக்கு மாற்றி, இன்னொரு புது ஆம்பையும் மாட்டினேன். பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து மீட்டரைப் பிடித்தால் வோல்டேஜ் முள் கொஞ்சமும் இறங்கவில்லை. பழுது தீர்ந்தது. ஆனால் வண்டி எடுக்க பாவ் அண்ணனோடு லான் அண்ணியும் வந்துவிட்டார், கையில் புதிதாக ஒரு சிவப்பு முடிச்சு. புருஷன் எதிரிலேயே, மூன்று ஆம்பைத் தின்றது உங்கள் உப்புதான் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் ஏழாவது முடிச்சு உள்ளே போகும். ஹான் அக்கா வேறு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அரித்த போல்ட்டைக் காகிதத்தில் வைத்து நீட்டினேன். "அண்ணி, உப்பு நல்லதுதான், எங்க ஊர்லயும் அப்படித்தான். ஆனா அது தண்ணி விட்டு இந்த போல்ட்டைத் தின்னுடுச்சு. தப்பு என் மேலதான், நானே ரெண்டு தடவையும் அங்கயே வச்சேன். இனிமே பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு முன்னாடி வச்சுக்கலாம்" என்றேன். பாவ் அண்ணன் மனைவியைப் பார்த்தார். அண்ணி போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியா, உப்பு வேலை செஞ்சிருக்கு. வந்த கேடெல்லாம் பின்னாடி இருந்த ஆம்போட போச்சு, முன்னாடி உக்காந்திருந்த உனக்கு ஒன்னும் ஆகலியே."

ஹான் அக்கா சிரித்த சிரிப்பிலேயே என் பேப்பரில் கையெழுத்து விழுந்துவிட்டது. ஆம்ப் ஏன் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்துக்கொண்டேன், அது போனதே நல்லதுக்குத்தான் என்று அண்ணி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.