கண்மாய்க்குள் இறங்கும் பாதை

பரளச்சிக்குப் பக்கத்தில் என் அண்ணன் ஊருக்கு உர மூட்டை ஏற்றி வந்த வேன் கண்மாய்க்குள் சிக்கிக்கொண்ட அன்று நான் அங்கேதான் இருந்தேன். கார்த்திகை மாதம், காலை பத்து மணி இருக்கும். தண்ணீர் வற்றிய கோடையில் அந்தக் கண்மாயின் நடுவே பைக்கும் டிராக்டரும் போய்ப் போய்த் தடம் விழுந்திருக்கும். தார் ரோட்டில் சுற்றிப் போவதைவிட அது பாதித் தூரம். மழை விழுந்துவிட்டால் உள்ளூர்க்காரர் யாரும் அதில் இறங்க மாட்டார்கள். டிரைவர் வெளியூர்க்காரர். தடத்தில் கொஞ்சம் மழைத்தண்ணீர்தான் தேங்கியிருக்கிறது என்று நினைத்து, செல்போன் காட்டிய வழியில் வண்டியை இறக்கிவிட்டார்.

டிராக்டர் கட்டி இழுத்து வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அடியில் கிடந்த மூட்டைகள் கரைந்து போயிருந்தன. இடுப்பு வரை சேற்றோடு நின்ற டிரைவர் போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்கக்கா. இதுல ரோடுன்னுதான போட்டுருக்கு."

பார்த்தேன். அது நாங்கள் செய்கிற ஆப்.

நாங்கள் என்றால் பல நாடுகளில் இருக்கிற முப்பது நாற்பது பேர். நெட் இல்லாத இடத்திலும் வழி காட்டுகிற வரைபட ஆப் அது. கட்டற்ற மென்பொருள், யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். பாலவனத்தத்தில் வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிற நான், மிச்ச நேரத்தில் சம்பளமில்லாமல் இதற்கும் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயர்களில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாகத் தெரிந்ததைச் சரிசெய்யத்தான் உள்ளே போனேன். அப்புறம் வெளியே வரவில்லை. அந்த டிரைவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தப்பா காட்டிருக்குண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மாதமே எங்கள் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. கல்லூரி மாணவர்கள் மூன்று மாதம் ஒரு வழிகாட்டியின் துணையோடு கட்டற்ற மென்பொருளுக்கு எழுதிப் பழகும் திட்டம் ஒன்று உண்டு. எங்கள் குழுவும் அதில் சேர்ந்திருந்தது. மாணவர்களுக்குக் கொடுக்கத் தகுந்த யோசனைகளை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். வருடத்தில் சில மாதம் மட்டும் தண்ணீர் நிற்கிற இடங்களில் போகும் பாதைகளை ஆப் அடையாளம் காண வேண்டும், மழை அளவை வைத்துத் தானே கணக்கிட வேண்டும், தண்ணீர் இருக்கும் காலத்தில் அந்த வழியைத் தவிர்க்க வேண்டும். தலைப்பில் கண்மாய் என்ற சொல்லையும் போட்டேன்.

மறுநாளே விவாதப் பக்கத்தில் பதில்கள் வந்தன. மூன்று ஆட்சேபம். இது ஒரு மாவட்டத்தின் பிரச்சினை, மென்பொருளின் பிரச்சினை அல்ல. ஒரு மாணவர் மூன்று மாதத்தில் முடிக்கிற அளவில் இல்லை. ஒரு யோசனைக்கு இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். இதைப் புரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மாணவர் என்ன செய்வார்?

திட்டத்தை ஒருங்கிணைத்த பெண்மணி வீடியோவில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "நல்ல யோசனை. ஆனால் இந்தத் திட்டத்துக்குப் பொருந்தாது. நீங்களே நேரம் கிடைக்கும்போது செய்யலாமே."

"எப்போதும் நாங்களேதான் செய்துகொள்கிறோம்" என்றேன். "பட்டியல் எப்போது மூடுகிறீர்கள்?"

"பன்னிரண்டு நாள் இருக்கிறது."

"அதுவரை என் யோசனையை நீக்க வேண்டாம்."

அவர் சரி என்றார்.

கோபத்தில் நீளமாக ஒரு பதில் தட்டினேன். அனுப்பவில்லை. அடுத்த சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது மதினியிடம் கொட்டித் தீர்த்தேன். மதினிக்கும் எனக்கும் ஒரே வயது. வீட்டில் விவசாயம் பார்ப்பது அவர்தான். அண்ணன் அருப்புக்கோட்டையில் வேலைக்குப் போகிறார். பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"அவுக என்னதான் சொல்றாக?"

"நம்ம பக்கத்துப் பிரச்சினையாம் மதினி. ஊரு ஒலகத்துல இல்லையாம்."

"தண்ணி வந்தா பாதை முங்குறது நம்ம ஊர்ல மட்டுமா நடக்குது? அவுகளக் கேக்காம அங்க இருக்கிற மத்தவுகளக் கேளு." துண்டில் கையைத் துடைத்தார். "சரி, கண்மாயில தண்ணி கெடக்குன்னு உங்க ஆப்புக்கு யாரு போயிச் சொல்லுவா?"

"மழை எவ்வளவு பேஞ்சுருக்குன்னு பாத்து அதுவே கணக்குப் போட்டுக்கிரும்."

"நல்லாப் போட்டுச்சு. இங்க பேயுற மழைக்கா கண்மாய் பெருகுது? மேக்க பேஞ்சு, தண்ணி கொண்டாற வரத்துக்கால்ல அடப்பு இல்லாம இருந்தா வரும். போன வருசம் இங்க நல்ல மழை, கண்மாயில நாய் குடிக்கத் தண்ணி இல்ல. அத எப்படிக் கணக்குப் போடும்?"

அந்த யோசனையில் நான் ரொம்பப் பெருமைப்பட்ட பகுதியே அந்த மழைக் கணக்குதான்.

"அப்ப என்ன செய்யச் சொல்றீக?"

"பாத்தவுக சொல்லட்டும். தண்ணி கெடக்கு, போகாதன்னு ஒரு அமுக்கு. வத்திப்போச்சா, இன்னொரு அமுக்கு. போன் இல்லாத ஆளு யாரு இருக்கா இப்ப?"

பஸ்ஸில் திரும்பி வரும்போதே யோசனையை வெட்டினேன். மழைக் கணக்கு முழுவதும் போனது. பாதையை மூடவும் திறக்கவும் ஒரு பொத்தான், அதைப் பார்த்து வழியை மாற்றுகிற பகுதி, இரண்டு மட்டும் மிஞ்சின. இரண்டாவது ஆட்சேபம் சரிதான், பெரிய வேலையைத்தான் ஒரு மாணவர் தலையில் கட்டப் பார்த்தேன் என்று விவாதப் பக்கத்தில் ஒப்புக்கொண்டேன். அதை எழுதக் கஷ்டமாக இருந்தது. முதல் ஆட்சேபத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆப் பயன்படுத்துகிற எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: உங்கள் ஊரில் வருடத்தில் சில மாதம் மட்டும் இருக்கிற பாதை ஏதாவது உண்டா?

இரண்டு நாள் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் எழுதினார்: வெள்ளம் வடிந்தால்தான் தெரியும் ஆற்றுத் திட்டு, அதன் மேல் வண்டித்தடம். அடுத்தவர், கடல் ஏறும்போது முங்கிப்போகும் கரைப்பாதை என்றார். அப்புறம் வடக்கே குளிர்நாடு ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதினார். அவர் ஊர் ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடும். அந்த நாலு மாதம் ஏரிக்கு மேலேயே கார் போகும், பிள்ளைகள் பள்ளிக்கு அதில்தான் போவார்கள். பனி உருகினால் பாதை இல்லை. "எங்களுக்குத் தண்ணீர் கெட்டியானால் பாதை. உங்களுக்குத் தண்ணீர் வற்றினால் பாதை. எழுத வேண்டிய நிரல் ஒன்றேதான்" என்றார். எங்கள் ஆப்பில் வழி கண்டுபிடிக்கும் பகுதியைப் பாதிக்கு மேல் எழுதியவரே அவர்தான். இரண்டாவது வழிகாட்டியாக இருக்கிறேன் என்று அவராகவே சொன்னார்.

ஒருங்கிணைப்பாளர் மறுபடி கூப்பிட்டார். பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம், தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார். கண்மாய் என்றால் மாணவர்களுக்குப் புரியாதாம். பருவகாலப் பாதைகள் என்று போட்டால் போதுமாம்.

"இந்த ஆப்பில் பனிச்சறுக்கு மலைக்கு ஆளேற்றுகிற கம்பிவடத்துக்கு ஒரு படம் இருக்கிறது" என்றேன். "அது என்னவென்று தேடிப் படித்து, அதற்குத் தமிழில் பெயர் வைத்தது நான். எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு தடவைகூடத் தொடப் போவதில்லை. அது புரியாத சொல் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. கண்மாய் என்றால் என்னவென்று அவர்களும் தேடிப் படிக்கட்டும்."

"ஒரு வரி விளக்கம் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டார்.

"எழுதியே வைத்திருக்கிறேன்."

அந்தத் தலைப்போடுதான் பட்டியல் வந்தது. நாலு மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். அசாமிலிருந்து விண்ணப்பித்த பெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். அவர் வீட்டுக்குப் போகிற பாதையே வருடத்தில் மூன்று மாதம் ஆற்றுக்குள் கிடக்குமாம். விண்ணப்பத்தின் முதல் வரியில் அதை எழுதியிருந்தார். வேலையில் கெட்டிக்காரி, பிடிவாதக்காரியும்கூட. பொத்தானை எங்கே வைப்பது என்று என்னோடு ஒரு வாரம் சண்டை போட்டு ஜெயித்தார். வழி மாற்றும் பகுதியில் கொஞ்சம் மிச்சம் வைத்தார். அதை நானும் ஏரிக்காரப் பெண்ணும் முடித்தோம்.

வேலை முடிந்த அந்த வருடம் எங்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய்க்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பொத்தானை முதலில் அமுக்கியது ஏரி உறைந்த ஊரில்தான். குழுவில் ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஐப்பசியில் மதினி போன் செய்தார். "தண்ணி வந்துருச்சு. அமுக்கிட்டேன். செவப்பாக் காட்டுது, சரியா?" சரி என்றேன்.

இந்த வருடமும் ஒரு யோசனை அனுப்பியிருக்கிறேன். வேலிக்கருவேலம் மண்டி மறைந்துபோன வரத்துக்கால்களை வரைபடத்தில் குறிப்பதைப் பற்றியது. பொருந்தாது என்று இரண்டு வரியில் பதில் வந்துவிட்டது. ஏன் பொருந்தாது என்று ஒரு பக்கத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன்.